கிங்ஸ் காலேஜ் சேப்பல்: ஆராதனையா, கச்சேரியா?

28 நவம்பர் 2023 (கேள்வி)

"கேம்பிரிட்ஜ் போனபோது கிங்ஸ் காலேஜ் சேப்பலில் சாயங்கால ஆராதனைக்குப் போனேன். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், ஒரு வரிகூடப் பாட விடவில்லை. வேதாகமச் சங்கீதம் அவர்களே, மரியாளின் பாட்டு அவர்களே, ஆமென்கூட அவர்களே. சுற்றி இருந்தவர்களில் பாதி சுற்றுலாக் கூட்டம். இதற்கு எதற்கு ஆராதனை என்று பெயர்? இலவசக் கச்சேரி என்று போர்டு மாட்டிவிடலாமே. அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்."

28 நவம்பர், இரவு 11 மணி

நான் இருந்தேன், 2008 முதல் 2012 வரை. அந்தக் கல்லூரியில் இல்லை, ஊரின் தெற்கு ஓரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில். சைக்கிளில் பதினைந்து நிமிடம்.

கச்சேரி இல்லை. கச்சேரி என்றால் கேட்க ஆள் வேண்டும். பிப்ரவரி மாதம், மழை, ஒரு புதன்கிழமை போயிருக்கிறேன். கொயரில், அதாவது பாடகர் குழுவில், முப்பது பேர்; கேட்க வந்தவர்கள் அதைவிடக் குறைவு. பாட்டில் இம்மியும் குறையவில்லை. அந்தக் குறைந்த பேரும் வராமல் இருந்திருந்தால்? அப்போதும் பாடியிருப்பார்கள். கட்டி வைத்த ராஜாவின் ஏற்பாடு அப்படி. மீதி நாளைக்கு.

29 நவம்பர்

இங்கிலாந்து ராஜா ஆறாம் ஹென்றி 1441இல் கல்லூரியைத் தொடங்கும்போது அவருக்கு வயது 19. சேப்பலுக்கு 1446இல் அடிக்கல். அவர் எழுதிவைத்த விதிகளில் 70 பேர் படிப்பவர்களும் ஆசிரியர்களும், 10 குருமார், 16 பாடும் சிறுவர். சிறுவர் எண்ணிக்கை இன்றும் 16தான். தினமும் ஆராதனை நடக்க வேண்டும், ராஜாவின் ஆத்துமாவுக்காகவும் அவருடைய பெற்றோருக்காகவும் ஜெபிக்க வேண்டும். ஊர் மக்கள் வந்து பாடுவது அந்தத் திட்டத்திலேயே கிடையாது.

இதை வெள்ளைக்காரன் வினோதம் என்று நினைக்க வேண்டாம். ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேரை வைத்தான், உடுக்கைக்கும் மத்தளத்துக்கும் இரண்டு பேர் சேர்த்து 50. கல்வெட்டில் இருக்கிறது. ஓதுவார் பாடும்போது "என்னைப் பாட விடவில்லையே" என்று நெல்லையப்பர் கோயிலில் யாராவது சண்டை போடுகிறார்களா? கட்டளை என்றால் கட்டளை. கேட்பவன் வந்தாலும் வராவிட்டாலும் நேரத்துக்கு நடக்கும்.

2 டிசம்பர்

நேற்று ஒருவர் கேட்டார்: சரி, உள்ளே போனால் என்னதான் நடக்கிறது?

ஐந்தேகால் வாக்கில் வாசலில் வரிசை. உள்ளே நீளம் 88 மீட்டர், அகலம் 12 மீட்டர்தான். ரயில் பெட்டியை ராட்சத அளவுக்கு ஊதிவிட்ட மாதிரி ஒரு கூடம். நடுவில் கறுத்த மரத் தடுப்பு, அதன்மேல் ஆர்கன். எட்டாம் ஹென்றி போட்ட தடுப்பு. அதில் அவருடைய எழுத்தும் ஆன் பொலினின் எழுத்தும் பின்னிக் கிடக்கும். வேலை முடிகிற காலத்தில் ராணியின் தலையே போய்விட்டது, மரத்தில் எழுத்து மட்டும் தங்கிவிட்டது.

தடுப்பைத் தாண்டினால் பெஞ்சுகள் பீடத்தைப் பார்த்து இல்லை, எதிரெதிரே. கல்யாண வீட்டில் இரண்டு பந்தி எதிரெதிரே உட்காருமே, அப்படி. கொயரும் இரண்டு பாதியாகப் பிரிந்து நிற்கும். சங்கீதத்தில் ஒரு வசனம் இந்தப் பக்கம், அடுத்த வசனம் அந்தப் பக்கம். ஒரே சுரத்தில் பல வார்த்தைகளைப் பேச்சு வேகத்தில் ஓட்டி, முடிவில் மட்டும் இரண்டு மூன்று சுரம் திரும்பும். நம் ஊர் கிறிஸ்தவர்கள் ஆங்கிலிக்கன் சபையின் பழைய ஜெபப் புத்தக ஆராதனையில் இதைக் கேட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் அந்த ஓட்டத்தில் வார்த்தைகள் நசுங்கிவிடும். அங்கே "மற்றும்" என்கிற சொல்கூடத் தனியாகக் காதில் விழும்.

மேலே விசிறி விசிறியாகக் கல் கூரை. ஜான் வாஸ்டெல் என்கிற கொத்தனார் 1512இல் தொடங்கி 1515க்குள் முடித்தது. உலகத்திலேயே பெரிய விசிறிக் கூரை. பாட்டு நின்ற பிறகும் அந்தக் கூரை சில நொடி பாடிக்கொண்டிருக்கும். அது அடங்கும்வரை ஜெபம் சொல்பவர் வாயைத் திறக்க மாட்டார். எனக்குப் பிடித்ததே அந்த இடைவெளிதான்.

2 டிசம்பர், அரை மணி கழித்து

திருத்தம். முதல் பதிவில் புதன்கிழமை, முப்பது பேர் என்று எழுதிவிட்டேன். வாரத்தில் சில நாள் பையன்கள் இல்லாமல் பெரியவர்கள் மட்டும் பாடுவார்கள் என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. பையன்களும் இருந்த அந்த நாள் வியாழனாக இருக்கலாம். மழை மட்டும் நிச்சயம். சாக்ஸ் நனைந்திருந்தது.

4 டிசம்பர்

சீரியஸாகப் போகிறதே என்று ஒரு செய்தி. 2009 குளிர்காலத்தில் ஒருநாள் காலையில் பார்த்தால் சேப்பலின் உச்சிகளில் கிறிஸ்துமஸ் தாத்தா குல்லாய்! இரவில் கட்டடம் ஏறுவதைப் பரம்பரைத் தொழிலாக வைத்திருக்கும் மாணவர்கள் சிலர் அந்த ஊரில் உண்டு. இப்போது அதே கூரைமேல் கல்லூரியே சோலார் தகடுகள் போட்டுவிட்டது, 400க்கும் மேல். கீழே நின்றால் தெரியாதாம்.

6 டிசம்பர்

பையன்களைப் பற்றி எழுதாமல் நழுவுகிறேன் என்று ஒருவர் பிடித்துவிட்டார். நழுவத்தான் பார்த்தேன்.

எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வரை. கல்லூரியின் பள்ளியிலேயே தங்கிப் படிப்பு. காலையில் வகுப்புக்கு முன்னால் ஒத்திகை, சாயங்காலம் ஒத்திகை, அப்புறம் ஆராதனை. ஊரெல்லாம் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போனபின் இவர்கள் மட்டும் விடுதியில் இருப்பார்கள். வரிசையாக நடந்து வருவதைத் தெருவில் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒருத்தன் சட்டை வெளியே தொங்கும், இன்னொருத்தன் முன்னால் போகிறவன் குதிகாலை மிதிப்பான். அரை மணி கழித்து அதே பிள்ளைகள் வெள்ளை அங்கியில் நிற்கும்போது வேறு யாரோ மாதிரி இருக்கும்.

1963இல் அந்தக் கொயர் அலெக்ரி என்கிற பழைய இத்தாலிய இசையமைப்பாளரின் 'மிசரேரே' பாட்டை ஒலிப்பதிவு செய்தது. அதில் வரும் உச்ச ஸ்தாயியைத் தொட்ட ராய் குட்மன் என்கிற பையன் ரக்பி விளையாடிவிட்டு முழங்காலில் சேற்றோடு நேராக வந்து பாடினான் என்று சொல்வார்கள். எனக்கு அந்தச் சேறு பிடிக்கும்.

பிடிக்காதது இது. ராஜா எழுதியது "ஏழைப் பிள்ளைகள்" என்று. பாடுவதோடு சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறவும் வேண்டும் என்று. இன்று கட்டணத்தில் பெரும் பகுதியைக் கல்லூரி ஏற்கிறது, உண்மை. ஆனால் எட்டு வயதுப் பையனைப் பியானோவோடு தயார்செய்து தேர்வுக்குக் கொண்டு நிறுத்த எந்த வீட்டால் முடியும்?

இன்னொன்று. என் மகளுக்கு அப்போது ஆறு வயது. ஒருநாள் கூட்டிப் போனேன். வெளியே வந்ததும் கேட்டாள்: "அப்பா, நான் எப்ப அங்க நிப்பேன்?" பதில் சொல்லாமல் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தேன். திங்கட்கிழமைகளில் ஆண், பெண் மாணவர்கள் சேர்ந்த கொயர் ஒன்று அங்கே பாடுகிறது, 1997 முதல். ஆனால் அது பெரியவர்களுக்கு. அதே தெருவில் கொஞ்சம் தள்ளி இருக்கும் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக் கொயர் 2022இல் சிறுமிகளையும் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. கிங்ஸில் அந்த 16 பேரும் இன்னும் பையன்கள்தான். ஆக, "கட்டளை என்றால் கட்டளை" என்று போன வாரம் நான் மார்தட்டியதைக் கொஞ்சம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ராஜராஜன் கணக்கிலும் அந்த 48 பேரில் பெண் இல்லை.

11 டிசம்பர்

கிறிஸ்துமஸ் ஈவ் அன்று ஒன்பது வேதாகமப் பகுதிகளை வாசித்து நடுநடுவே பாடும் 'ஒன்பது பாடங்கள்' ஆராதனை பற்றி மூன்று பேர் கேட்டாயிற்று. அது கிங்ஸில் பிறந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. கார்ன்வாலில் ட்ரூரோ என்கிற ஊரில், 1880இல், பேராலயம் கட்டி முடியாத காலத்தில், ஒரு மரக் கொட்டகையில் பிஷப் பென்சன் தொடங்கியது. குடிகாரர்களை அன்று ராத்திரி சாராயக் கடையிலிருந்து இழுப்பதற்காக என்று ஒரு கதை. கிங்ஸுக்குக் கொண்டுவந்தவர் எரிக் மில்னர்-வைட், 1918இல். யுத்தத்தில் ராணுவக் குருவாக இருந்துவிட்டு அப்போதுதான் டீனாகத் திரும்பியிருந்தார். அந்த ஆராதனையின் தொடக்க ஜெபத்தில் மறுகரைக்குப் போய்விட்டவர்களை நினைக்கும் பகுதி ஒன்று வரும். 1918இல் அதைக் கேட்டவர்கள் வீட்டில் எத்தனை நாற்காலி காலியாக இருந்திருக்கும்.

முதல் பாடத்தைக் கொயர்ப் பையன் ஒருவன் வாசிப்பான், கடைசிப் பாடத்தைக் கல்லூரித் தலைவர். சின்னவரில் தொடங்கிப் பெரியவர்வரை. எங்கள் பாளையங்கோட்டைப் பக்கத்தில் இதே வழக்கம்தான்: ஞாயிறு பள்ளிப் பிள்ளை முதலில், ஐயர் (சபைப் போதகர்) கடைசியில். யாரிடமிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை, எங்களுடையது என்றே நினைத்திருந்தோம்.

நான் வரிசையில் நின்றது 2010இல். ஊரெல்லாம் பனி. காலை ஆறு மணிக்குப் போனால் எனக்கு முன்னால் ஏற்கெனவே நூறு பேருக்கு மேல். மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்க், போர்வை. பக்கத்தில் ஒரு வயதான அம்மா, முப்பது வருடமாக வருகிறாராம். பனியன் எத்தனை போட்டிருக்கிறாய் என்று கேட்டார். இரண்டு என்றேன். "போதாது" என்று இஞ்சி பிஸ்கட் கொடுத்தார். என் கையில் இருந்த முறுக்கை அவருக்குக் கொடுத்தேன். கடிக்கத் தெரியாமல் சப்பிக்கொண்டே இருந்தார். இந்த இழையில் "சமூக வாழ்க்கை எங்கே" என்று கேட்டவருக்கு: பாதி அந்த வரிசையில் இருந்தது.

எனக்குக் கிடைத்தது மரத் தடுப்புக்கு இந்தப் பக்கத்து இடம். பாடப் பாடக் கொயர் கண்ணில் படாது, சரி, ஏமாந்தோம் என்று உட்கார்ந்தேன். ஆனால் ஆராதனை தொடங்குவது இந்தப் பக்கம்தான். கொயர் வந்து மேற்கு வாசலருகே நின்றது. மூன்று மணி. 'ஒன்ஸ் இன் ராயல் டேவிட்ஸ் சிட்டி' முதல் சரணம் தனிக் குரல். யார் பாடுவது என்பது பையன்களுக்கே முன்கூட்டித் தெரியாது. சில பேர் தயாராக இருப்பார்கள், கடைசி நொடியில் கொயரை நடத்துபவர் ஒருவனைக் கையால் காட்டுவார். ரேடியோவில் உலகமே கேட்டுக்கொண்டிருக்கும். நான் கையைப் பார்க்கவில்லை, ஒரு பையன் மூச்சை இழுத்ததில் தோள் ஏறியதைத்தான் பார்த்தேன். அவ்வளவு கூட்டத்தில் ஒரு இருமல் இல்லை.

இழையைத் தொடங்கியவருக்கு ஒரு தகவல்: அந்தப் பாட்டின் பிற்பாதியைச் சபை முழுதும் எழுந்து பாடும். இஞ்சி பிஸ்கட் அம்மாவுக்கு ஆல்ட்டோ குரல். என்ன குரல்!

15 டிசம்பர்

இன்று 15. ஜெபப் புத்தகக் கணக்கில் 150 சங்கீதங்களும் 30 நாளில் முடியும், காலைக்கு இவ்வளவு, மாலைக்கு இவ்வளவு என்று. பதினைந்தாம் தேதி மாலை யார் தலையில் விழும் என்றால், 78ஆம் சங்கீதம். ஒரே சங்கீதம், 73 வசனம். கொயர் ஆட்கள் காலண்டரைப் பார்த்தே பெருமூச்சு விடுவார்கள்.

2011இல் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அப்பா ஓய்வுபெற்ற வாத்தியார், எங்கள் கோயில் கொயரில் நாற்பது வருடம் பேஸ், அதாவது அடிக்குரல். நவம்பர் 15, செவ்வாய், வேண்டுமென்றே அன்றைக்குக் கூட்டிப் போனேன். ஐந்தரைக்கே வெளியே கும்மிருட்டு. பகலில் அத்தனை நிறம் காட்டும் ஜன்னல்கள் வெறும் கறுப்பு. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அப்பா கோட்டுப் பையிலிருந்து தமிழ் வேதாகமத்தை எடுத்து வைத்துக்கொண்டார். "என் ஜனங்களே, என் உபதேசத்தைக் கேளுங்கள்." விரலை வசனத்தில் வைத்து நகர்த்திக்கொண்டே போனார், மன்னா, காடை, தவளை எல்லாம் வந்தது. முடிவில் அவர் விரல் ஒரு வசனம் முன்னால் நின்றது. நம் வேதாகமத்தில் 72, அவர்கள் புத்தகத்தில் 73. என்னை ஒரு பார்வை பார்த்தார், நான்தான் ஒரு வசனத்தை ஒளித்துவைத்த மாதிரி.

வெளியே வந்து புல்வெளி ஓரம் நடக்கும்போது சொன்னார்: "ஏல, ஆமென்கூட அவங்களே பாடிட்டாங்களே. நமக்கு என்ன வேலை?"

ஆக, இழையைத் தொடங்கியவரே, உங்கள் கேள்வியை எங்கள் அப்பா பன்னிரண்டு வருடத்துக்கு முன்னாலேயே கேட்டாயிற்று.

21 டிசம்பர்

மூன்று நாளாகக் கரண்ட் இல்லை, போன் இல்லை. 17ஆம் தேதி பிடித்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. என்கிறார்கள். தாமிரபரணி வண்ணார்பேட்டைக்குள் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் இடுப்பளவு. அப்பா அம்மாவை மாடி வீட்டுக்காரர்கள் தூக்கிப் போனார்கள். எல்லாரும் நலம். கோயில் கூடத்தில் கேரல் ஒத்திகை நடக்க வேண்டிய நேரத்தில் அண்டாவில் உப்புமா. டெனார்க்காரர்கள் வெங்காயம் உரித்தார்கள். சேப்பல் பிறகு.

24 டிசம்பர், இரவு 9:40

கரண்ட் வந்துவிட்டது. அங்கே மூன்று மணி என்றால் இங்கே எட்டரை. மாடியில் அப்பா, நான், மகள், ஒரு போன். சரியாகத் தனிக் குரல் தொடங்கும் இடத்தில் சுற்ற ஆரம்பித்தது. திரும்ப வந்தபோது மூன்றாவது சரணம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. 1928இல் முதல் ஒலிபரப்பு, 1930இல் மட்டும் விட்டுப்போனது, அப்புறம் இரண்டாம் உலக யுத்தத்தில்கூட நிற்கவில்லை. ஜன்னல்களின் பழைய வண்ணக் கண்ணாடிகளைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, எந்த இடம் என்று பெயர் சொல்லாமல் ஒலிபரப்பினார்கள். அதையெல்லாம் தாண்டி வந்தது என் டேட்டாவில் நின்றது.

28 டிசம்பர்

புத்தகங்களைக் காயப் போடுகிறோம். மொட்டை மாடி முழுக்க விரித்த புத்தகம், மேலே செங்கல் துண்டு. இழைக்குச் சம்பந்தம் உண்டு, பொறுங்கள்.

அப்பாவிடம் 15ஆம் தேதிப் பதிவை வாசித்துக் காட்டினேன். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்றார். சொன்னீங்க, புல்வெளிப் பக்கத்தில் என்றேன். "வேலை இல்லைன்னு சந்தோஷமா சொல்லியிருப்பேன். நாப்பது வருஷம் பாடினவனுக்கு ஒருநாள் சும்மா உக்காந்து கேக்க முடிஞ்சுதே. நீ குறையா எழுதி வச்சிருக்க." பன்னிரண்டு வருடமாக அதைக் குறையாகவே நினைவில் வைத்திருந்தேன். குரலை மறந்துவிட்டு வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டால் இப்படித்தான்.

அப்படியானால் இழையைத் தொடங்கியவருக்கு நான் சொன்ன ஆறுதலும் செல்லாது. உங்கள் கேள்வி உங்களுடையதே, எங்கள் அப்பாவைத் துணைக்கு அழைக்க முடியாது.

2 ஜனவரி 2024

மகள் வேதாகமத்தின் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஃபேனுக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள். பேனாவில் எழுதியதெல்லாம் ஊதாவாகப் பரவிவிட்டது. பிறந்தநாள், கல்யாண நாள் ஒன்றும் வாசிக்க முடியவில்லை. 78ஆம் சங்கீதத்தின் ஓரத்தில் மட்டும் பென்சில் எழுத்து, அப்படியே நின்றிருக்கிறது. "15.11.2011." கீழே ஒரு வரிசை சால்ஃபா எழுத்துகள், சுரங்களை எழுத்தில் குறிக்கும் முறை. ஜெபப் புத்தக ராகத்தின் சுரக்கட்டு. அதுவும் மேல் குரல் இல்லை, பேஸ் வரிசை மட்டும்.

"சும்மா உக்காந்து கேட்டேன்னீங்களே?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். மெதுவாகப் பாடினார், மகள் பக்கத்தில் நின்று கேட்டாள். மூன்று பங்கு நன்றாகப் போனது, நாலாவதில் நின்றுவிட்டது. பென்சிலும் அங்கேதான் நின்றிருந்தது.

"மிச்சம் எங்க தாத்தா?"

"எழுதுறதுக்குள்ள ராகத்த மாத்திட்டானுவ."